வண்டி வராத பத்தொன்பது கிலோமீட்டர்

நான்காவது கொண்டை ஊசி வளைவில் பொன்னுரங்கத்துக்கு, தெம்புக்கு உறிஞ்சிய வாழைப்பழ ஜெல் எதுக்களித்தது. புளிப்பும் தித்திப்புமாகத் தொண்டைவரை வந்து, துப்புவதா விழுங்குவதா என்று அவன் யோசிப்பதற்குள் தானாகவே திரும்பி இறங்கியது. பாக்கெட்டைக் கடித்துப் பிழிந்தபோது கொஞ்சம் மீசையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அந்த வாடை. வாழைப்பழத்தில் இந்த வாடை வராது. வாழைப்பழம் என்று எழுதிய எதிலும் இந்த வாடைதான் வரும். நாற்பத்தேழு வயதில் தொடையை இறுக்கும் கால்சட்டையும், அதற்குள் குழந்தைக்குக் கட்டியதுபோல் ஒரு பஞ்சும், பஞ்சு முழுக்க வேர்வையுமாக ஒரு மலைமேல் சைக்கிளில் ஏறிக்கொண்டிருப்பவன் எதைப் பார்த்து முகம் சுளிக்கலாம், எதைப் பார்த்துச் சுளிக்கக் கூடாது? கைப்பிடியில் பொருத்தியிருந்த கருவி ஏற்றம் எட்டு சதவிகிதம் என்றது. நேரம் ஆறு ஐம்பத்தைந்து. வண்டி எதுவும் வரவில்லை. பின்பாக்கெட்டில் இருக்கும் சின்ன நோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்: ஏற்றம், தார் எப்படி, தண்ணீர் எங்கே, நாய் உண்டா, காட்சி எந்தப் பக்கம், எதிரே வந்த வண்டி எத்தனை. கடைசிக் கட்டம்தான் முக்கியம். கோயம்புத்தூரில் சைக்கிள் சுற்றுலா நடத்தும் நிரஞ்சன் அதைத்தான் விற்கிறான். "ரோடு காலியா இருக்கணும்ணா. மலை அவங்க ஊர்லயும் இருக்கு. காலியான ரோடுதான் இல்ல. மணிக்கு ரெண்டு வண்டிக்கு மேல வந்தா அந்த ரூட்டத் தூக்கிருங்க" என்றான். டிசம்பரில் பெல்ஜியத்திலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். இன்று சாயங்காலத்துக்குள் பட்டியல் போக வேண்டும். நாலு வளைவுக்கும் நாலு பூஜ்யம் போட்டாயிற்று. அழகான பூஜ்யங்கள். அவனுடைய கையெழுத்து எப்போதுமே அழகு. அதனால்தான் அந்த வேலையே கிடைத்தது.

அந்த வேலையை நினைக்கக் கூடாது என்று இருந்தான். சாலையைப் பார்த்தான். சாலை முழுக்க ரயில்பூச்சிகள். நேற்று ராத்திரி மழை பெய்திருக்க வேண்டும். கறுப்பும் மஞ்சளுமாக விரல் நீளத்துக்கு, நூறா இருநூறா தெரியவில்லை, அவசரமே இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒதுங்கிப் போக இடமில்லை. மெல்லிய டயர் ஏறும்போது ஒவ்வொன்றும் ஒரு சின்னச் சத்தம் கொடுத்தது, அப்பளம் நொறுங்குவதுபோல. அந்தச் சத்தம் சக்கரம் வழியாக, இரும்பு வழியாக, உள்ளங்கைக்கு வந்தது. உள்ளங்கையிலிருந்து பல்லுக்கு. கூடவே ஒரு காரமான நாற்றம். வண்டி ஓடுகிற சாலையில் இவை இப்படி வந்து படுத்துக்கொள்ளாது. வண்டி ஓடுகிற சாலையில் நசுங்கிய பாம்பு கிடக்கும், நசுங்கிய தவளை கிடக்கும், தட்டையாகக் காய்ந்த ஓணான் கிடக்கும். இங்கே எதுவுமே நசுங்கிக் கிடக்கவில்லை. நசுக்குவதற்கு அவன் ஒருவன்தான் வந்திருக்கிறான். உன்னிச்செடி இரண்டு பக்கமும் தாருக்குள் கை நீட்டிவிட்டது. அதன் அடியில் யாரோ வீசிய சாராய பாட்டில்கள், பழையவை, மண் நிறைந்து, லேபிள் வெளுத்து. குடிக்கிறவன்கூட இப்போது இங்கே வருவதில்லை போல. காட்சி: இடப்பக்கம் பள்ளத்தாக்கு, அழகு. எழுதிக்கொள்ள வேண்டும். அழகாகத்தான் இருந்தது. பனி விலகி, கீழே ஏரித் தண்ணீர் ஒரு துண்டு மின்னியது.

காலையில் அடிவாரத்து டீக்கடையில் கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் ஏறியிருந்தால் இப்படி இருந்திருக்காது. "மாஸ்டர், வேங்கைக்கோம்பை ரோட்டுல வண்டி போக்குவரத்து எப்பிடி?" என்று, ஒன்றும் தெரியாதவன் மாதிரி. டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் புது ஆள். பழைய ஆள் இருந்தால் கேட்டிருக்க மாட்டான். கடைக்கே போயிருக்க மாட்டான். "எங்கீங்க வண்டி? பதிமூணாவது வளைவுல சுவரு இடிஞ்சி நாலு வருசமாச்சு. பாதி ரோடு பள்ளத்துக்குள்ள போயிடுச்சி. அதோட பஸ்ஸும் நின்னுபோச்சி. கட்டித்தாங்கன்னு கேட்டாங்களாம், இந்த ரோட்டுல ஓடுற வண்டிக்கு அவ்ளோ செலவு தாங்காது, கணக்கெடுத்திருக்கறோம், வண்டியே இல்லைன்னுட்டாங்களாம்." கணக்கெடுத்திருக்கிறோம். டீ இனித்தது. இரண்டு வாய்தான் குடித்தான். கணக்கெடுத்திருக்கிறோம் என்றால் எந்தக் கணக்கு? அவனுக்கு முன்னால் எடுத்திருக்கலாம். அவனுக்குப் பின்னால் எடுத்திருக்கலாம். ஒரு சாலைக்கு எத்தனையோ பேர் கணக்கெடுப்பார்கள். அவனுடைய தாளை யார் படித்திருக்கப் போகிறார்கள்? ஆள் வைத்துக் கணக்கெடுத்த ஒப்பந்தக்காரர் வாங்கி ஒரு அட்டைக்குள் வைத்தார், அந்த அட்டையை வேறொருவர் வாங்கி ஒரு பீரோவுக்குள் வைத்திருப்பார். பீரோவுக்குள் கரையான். கரையான் தின்ற தாளுக்கும் பதிமூன்றாவது வளைவில் இடிந்த சுவருக்கும் என்ன சம்பந்தம். மழை இடித்தது. மழையை அவன் கணக்கில் எழுதவில்லை.

ஆறு வருடத்துக்கு முன்னால், இந்தச் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கும் புளியமரத்தடியில் டீக்கடையில் இரவல் வாங்கிய ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரை உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளைக் கோடு போட்டு எண்ணுவதுதான் அவன் வேலையாக இருந்தது. மூன்று நாள். நாலு கோடு நிமிர்த்தி ஐந்தாவதைக் குறுக்கே. முதல் நாள் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தான். சத்தியமாக உட்கார்ந்தான். எறும்பு கடித்தது, காக்கை தாளின் மேலேயே எச்சமிட்டது, ஆனாலும் உட்கார்ந்தான். இருபத்தாறு. பஸ் ஏறியது, இறங்கியது, பால் வண்டி, பைக்குகள், ஒரு டிராக்டர். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி "என்னத்தங்க எழுதறீங்க?" என்று கேட்டதற்கு "வண்டிக் கணக்கு" என்று பெருமையாகச் சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. மறுநாள் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம். ஆறு மாதமாக அதற்காகப் பழகியிருந்தான். சனிக்கிழமையே போய்ப் பெயர் பதிய வேண்டும், சைக்கிளைச் சரிபார்க்க வேண்டும், கால் விரைத்துப்போகாமல் படுக்க வேண்டும். இரண்டு நாளைக்கு யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? சேலத்து லாட்ஜில், சனிக்கிழமை சாயங்காலம், குழாய் சொட்டிக்கொண்டிருந்த அறையில் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு இரண்டு தாள்களையும் நிரப்பினான். பொய்க்கும் ஒரு நியாயம் வேண்டும் என்று யோசித்து யோசித்து நிரப்பினான். அதுதான் இப்போது சகிக்க முடியாதது. வெள்ளிக்கிழமை இருபத்தாறு என்றால் சனிக்கிழமை கொஞ்சம் குறையும், பத்தொன்பது போடலாம். ஞாயிறு இன்னும் குறையும், பதினொன்று. பதினொன்று என்றால் நம்புவார்கள். பத்து என்று முழுசாகப் போட்டால் சந்தேகப்படுவார்கள். ஒரு டிராக்டரைக்கூட உண்டாக்கினான், பதினொன்றரை மணிக்கு. இல்லாத டிராக்டர் இல்லாத மேட்டில் ஏறியது. அப்புறம் தூங்கினான். நன்றாகத் தூங்கினான். மறுநாள் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் வந்ததற்குக் கழுத்தில் மெடல் மாட்டினார்கள். அந்த ஓட்டத்தில்தான் நிரஞ்சனைப் பார்த்தான். நிரஞ்சனுடைய டயர் வெடித்திருந்தது, இவன் இறங்கி மாற்றிக் கொடுத்தான். "நீங்க செம ஆளுண்ணா" என்றான். அங்கிருந்துதான் இந்தப் பிழைப்பு எல்லாம். நிரஞ்சன் போன வாரம் வானத்திலிருந்து எடுத்த வரைபடத்தில் இந்த மலையைத் தொட்டு, "இதப் பாருங்கண்ணா, ஒரு வண்டிகூட இல்ல, சொர்க்கம்" என்றபோது, வேறு மலை பார்க்கலாம் என்று அவன் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் ஒரு பஜ்ஜியைப் போட்டுக்கொண்டான்.

எட்டாவது வளைவு. பூஜ்யம். ஒன்பது. பூஜ்யம். எழுதாவிட்டாலும் சுவர் இடிந்திருக்கும். எழுதாவிட்டாலும் பஸ் நின்றிருக்கும். ஒழுங்காக எழுதியிருந்தால் மட்டும் எவ்வளவு வந்திருக்கும்? இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. அதற்கும் கட்டியிருக்க மாட்டார்கள். அப்படியென்றால் அவன் எழுதியதும் ஒன்றுதான், எழுதாததும் ஒன்றுதான். அப்படி ஒன்றுதான் என்றால் ஏன் அவனை உட்கார வைத்தார்கள்? உட்கார வைத்தார்கள் என்றால் அதில் ஏதோ இருந்திருக்கிறது. இல்லை, கரையான். கரையான் என்று நினைத்ததும் நெஞ்சு லேசாகியது. லேசானதும் அந்த லேசைக் கண்டு குமட்டியது. பத்தொன்பது கிலோமீட்டரும் இப்படியே சுற்றிக்கொண்டிருக்கப் போகிறானா, சங்கிலி பல்சக்கரத்தைச் சுற்றுவதுபோல? மூக்கை ஒரு விரலால் அடைத்துச் சிந்தினான். தொடையிலேயே விழுந்தது. கையால் துடைத்தான், கையைக் கால்சட்டையில் துடைத்தான். யாரும் பார்க்கவில்லை. சாலை காலியாக இருப்பதில் இது ஒரு வசதி.

பன்னிரண்டாவது வளைவில், தடுப்புச் சுவரின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக் குதிகாலைப் பிசைந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். மடியில் துணிப்பை. அவளைத் தாண்டிப் போய்விட்டுத்தான் நோட்டை எடுப்பதாக இருந்தான், ஆனால் வளைவு எண் எழுதிய கல் அவள் பக்கத்திலேயே இருந்தது. நின்றான். நோட்டை எடுத்தான். பூஜ்யம் போட்டான்.

"ஏனுங்க சார்" என்றாள். "ரோட்ட எழுத வந்திருக்கறீங்களா?"

"எழுதறதுதான்" என்றான்.

"பஸ்ஸுக்குங்களா?"

தலை ஆடியது. அவன் ஆட்டவில்லை, அது ஆடியது. கழுத்து வலிக்காக இப்படி ஆட்டுவது வழக்கம்தான்; ஆமாம் என்று எடுத்துக்கொண்டால் அவள் எடுத்துக்கொண்டது. உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு வினாடி இருந்தது. அந்த வினாடி முழுக்க அவன் அவளுடைய குதிகாலில் வெடித்திருந்த பித்தவெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் அவள் முகம் மாறிவிட்டது. சுவரிலிருந்து இறங்கி நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், ஆபீசில் நிற்பதுபோல.

"நல்லா எழுதுங்க சார். என் பேரு அரசாயி, இலுப்பைவளவு, மேல கடேசி ஊரு. எங்க வூட்டுக்காரருக்கு வலிப்புங்க. கீழ ஆசுபத்திரியில வாரத்துக்கு ஒருக்கா மாத்திர குடுப்பாங்க. அஞ்சு மணிக்குப் பொறப்பட்டேன். எறங்கறதுக்கு இவ்ளோன்னா ஏறுறதுக்கு எவ்ளோன்னு பாத்துக்குங்க."

"ஊர்ல பைக் இல்லையா?" என்று கேட்டான். ஏதாவது கேட்க வேண்டும்.

"இருக்குதுங்க, பதினஞ்சு இருபது. பெட்ரோல கேன்ல தூக்கியாரணும். அதனால அவசரத்துக்குத்தான் எடுப்பாங்க." பிறகு நோட்டை எட்டிப் பார்த்தாள். "இதுவரைக்கும் எத்தன வண்டி எழுதியிருக்கறீங்க?"

"ஒண்ணும் வரலையேம்மா."

"ஒண்ணுமே இல்லீங்களா?"

பெருக்காத வீட்டுக்குள் விருந்தாளி நுழைந்துவிட்டதுபோல அவளுக்கு முகம் சிறுத்தது. சாலையை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க போய்க்கிட்டே இருங்க சார்" என்றாள் அவசரமாக. "மெதுவாப் போங்க. ரொம்ப மெதுவாப் போங்க." அவன் பெடலில் காலைப் பூட்டிக்கொண்டு ஏறத் தொடங்கியபோது பின்னால் அவள் போனில் சத்தம் போட்டுப் பேசுவது கேட்டது. இந்த வளைவில் டவர் கிடைக்கும் போல. வீட்டுக்காரரிடம் பேசுகிறாள் என்று நினைத்தான். மாத்திரைக்குப் போகிறவள், வழியில் ஒரு ஆபீசரைப் பார்த்தேன், பஸ் வரப்போகிறது என்று சொல்கிறாள். வலிப்புக்காரன் படுக்கையில் எழுந்து உட்காருகிறான். பஸ் வரப்போகிறதாம்.

பதிமூன்றாவது வளைவில் சுவர் இல்லை. சாலையின் பாதியும் இல்லை. செம்மண் வெட்டுப்பட்ட சதைபோல் ஈரமாக இருந்தது. தாரின் ஓரம் உடைந்த பிஸ்கட்டாக வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. கீழே பள்ளத்தில் தடுப்புச் சுவரின் கற்கள், மஞ்சள் பெயிண்ட் இன்னும் போகாமல். சைக்கிளுக்குத் தாராளமாக வழி இருந்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாகப் போகலாம். நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள், ஓ என்பார்கள். அவன் இறங்கவில்லை, நிற்கவில்லை, நோட்டை எடுக்கவில்லை. மலைப்பக்கத்துக் கல்லைப் பார்த்துக்கொண்டே தாண்டினான். ஏன் தலை ஆடியது? மனிதர்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிடுகிற ஒரு கழுத்து அவனுக்கு. ஒப்பந்தக்காரர் "மூணு நாளும் ஒக்காந்தியாப்பா?" என்றபோதும் ஆடியது. நிரஞ்சன் "சொர்க்கம்ணா" என்றபோதும் ஆடியது. மனைவி சகுந்தலா அந்த மெடலைப் பார்த்து "வேலைக்கு லீவு சொல்லிட்டுத்தானே போனீங்க?" என்றபோது இன்னும் வேகமாக ஆடியது. இந்தக் கழுத்தை வெட்டி ரயில்பூச்சிகளுக்கு நடுவில் போட்டால் அங்கேயும் கிடந்து ஆடிக்கொண்டிருக்கும்.

பதினான்காவது வளைவுக்கு முன்னால் எஞ்சின் சத்தம் கேட்டது. காதை நம்ப முடியவில்லை. மேலே இருந்து ஒரு சிவப்பு பைக் இறங்கியது. ஓட்டியவன் வெள்ளைச் சட்டை, பின்னால் பச்சைப் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண், மடியில் எவர்சில்வர் தூக்கு. இரண்டு பேரும் அவனைப் பார்க்கவே இல்லை. நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வண்டி! எங்கோ கல்யாணம் போல. நோட்டில் ஒன்று போட்டான். அடுத்த வளைவுக்குள் இன்னும் இரண்டு, ஒன்றில் மூன்று பேர். பிறகு ஒரு ஸ்கூட்டர். பிறகு வளைவை அடைத்துக்கொண்டு ஒரு டிராக்டர், டிரெய்லரில் ஆணும் பெண்ணுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் வானத்தையும் மரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோடு, கோடு, கோடு, கோடு, குறுக்கே ஒன்று. கை பழைய பழக்கத்தில் தானாகப் போட்டது. மணிக்கு இரண்டுக்கு மேல் வந்தால் தூக்கிவிடு என்று நிரஞ்சன் சொல்லியிருக்கிறான். இந்த ரூட் போயிற்று. கல்யாணம் காப்பாற்றியது. சாயங்காலம் போன் போட்டு, இல்ல தம்பி, ஏகப்பட்ட வண்டி என்று உண்மையாகவே சொல்லலாம். உண்மையாகவே! எத்தனை சந்தோஷம். வாயில் ஊறிய எச்சிலில்கூட வாழைப்பழ வாடை குறைந்ததுபோல் இருந்தது. டிராக்டர் புகையை நெஞ்சு நிறைய இழுத்தான்.

பதினாறாவது வளைவில் கீழே இருந்து ஒரு பைக் அவனைத் தாண்டி ஏறியது. சிவப்பு. வெள்ளைச் சட்டை. பச்சைப் பட்டுப்புடவை. எவர்சில்வர் தூக்கு. பெண் இந்தமுறையும் அவனைப் பார்க்கவில்லை. ஆனால் தாண்டிய பிறகு ஒரு முறை திரும்பி, அவன் கையில் நோட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் பின்னாலேயே ஸ்கூட்டர். அதன் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்த பைக். கல்யாணம் இல்லை. கேனில் தூக்கி வந்த பெட்ரோல். ரொம்ப மெதுவாப் போங்க சார். பொன்னுரங்கத்துக்குக் கால் நின்றுபோனது. பெடலில் பூட்டிய ஷூவைக் கழற்ற மறந்து சைக்கிளோடு பக்கவாட்டில் சாய்ந்தான். முழங்கை தாரில் தேய்ந்தது. எழுந்து, சாலையோரத்தில் குனிந்து, உன்னிச்செடிமேல் வாந்தி எடுத்தான். ஜெல்லும் டீயும் மஞ்சளாக நூல்நூலாக இலையில் தொங்கின. இன்னும் வந்தது. ஒன்றும் இல்லாமலும் வந்தது.

இறங்கி வந்த ஒரு பைக் நின்றது. "என்னுங்க, மயக்கமா? வெறும் வயித்தோட ஏறிட்டீங்களா?" ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், நரைத்த மீசை, சட்டைப் பையில் பேனாவும் மடித்த காகிதங்களும். வண்டியில் தொங்கிய பாட்டிலைத் திறந்து கொடுத்தார். "குடிங்க. ஊத்துத் தண்ணிதான், ஒண்ணும் பண்ணாது. நான் ஆண்டியப்பன். இலுப்பைவளவுதான். முன்னாடி வார்டு மெம்பரா இருந்தேன்."

வாயைக் கொப்பளித்துத் துப்பினான். தண்ணீர் இனித்தது. "எதுக்குங்க இப்படிப் பண்றீங்க?" என்றான். "வண்டிய எல்லாம் எதுக்கு வீணா ஓட்டுறீங்க?"

ஆண்டியப்பன் பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடினார். பிறகு வெட்கப்பட்டதுபோல் சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டீங்களா? வேற என்னங்க பண்றது? ஆறு வருசம் முன்னாடியும் இப்படித்தான் பண்ணினோம். கீழ புளியமரத்துக்கிட்ட ஒருத்தரு ஒக்காந்து வண்டிய எழுதறாருன்னு கண்டக்டரு வந்து சொன்னாரு. மொத நாளு தெரியாமப் போச்சு. மறுநாளு காலையிலிருந்து ஊர்ல இருக்கற வண்டி அத்தனையும் எடுத்தோம். சனி ஞாயிறு ரெண்டு நாளும். ஏறி எறங்கி ஏறி எறங்கி. நானே பதினாலு தடவ. எழுதறவருக்குச் சந்தேகம் வந்துருமின்னு ஒருத்தரும் மரத்துப்பக்கம் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு சொல்லிவச்சேன். ஒருத்தரும் பாக்கல."

ஒருத்தரும் பார்க்கவில்லை. சேலத்து லாட்ஜில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இங்கே வெயிலில் வெறும் நாற்காலிக்கு முன்னால், அந்த நாற்காலிகூட இல்லை, அதையும் டீக்கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனான், வெறும் மரத்துக்கு முன்னால் ஒரு ஊரே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"அப்புறம் சுவரு இடிஞ்சப்ப மனு போட்டு அந்தக் கணக்க வாங்கினேன்" என்றார் ஆண்டியப்பன். மடித்த காகிதங்களைத் தொட்டுக்கொண்டார். எடுக்கவில்லை, எடுக்கத் தேவை இருக்கவில்லை. "சனிக்கிழம பத்தொம்பது. ஞாயித்துக்கிழம பதினொண்ணு. அதுல பதினொன்ற மணிக்கு ஒரு டிராக்டரு. எங்க டிராக்டரு அந்த ஞாயித்துக்கிழம ஒம்போது தடவ போச்சுங்க. பொய்க் கணக்குன்னு போகாத ஆபீசு இல்ல. ஊர்க்காரன் சொன்னா யாருங்க நம்புவாங்க? எழுதுனவரு பேரும் தாளுல இல்ல."

கரையான் தின்னவில்லை. ஒரே ஒருவர் படித்திருக்கிறார். மனப்பாடமாகப் படித்திருக்கிறார். தப்பித்துப் போவதென்றால் இப்போதே போகலாம் என்று கால் நினைத்தது. இறக்கம் பதினைந்து கிலோமீட்டர், பெடல் மிதிக்கக்கூடத் தேவையில்லை. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கும்வரை அவனுக்கு முகமே இல்லை. இந்த யோசனை வந்த தினுசைப் பார்த்து, அது வந்த வேகத்தைப் பார்த்து, அவனுக்கு மறுபடி குமட்டியது. இந்த உடம்பு எதற்கெடுத்தாலும் இறக்கத்தைத்தான் தேடுகிறது. ஹெல்மெட்டைக் கழற்றினான். கண்ணாடியைக் கழற்றினான்.

"அது நான்தாங்க" என்றான்.

"எது?"

"அந்தக் கணக்கு. மொத நாள் மட்டும்தான் ஒக்காந்தேன். மத்த ரெண்டு நாளும் நான் இங்க இல்ல. சேலத்துல சைக்கிள் ஓட்டப் போயிட்டேன்." குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. "இன்னைக்கும் பஸ்ஸுக்கு வரலைங்க. அந்தம்மாகிட்டப் பொய்யா தலையாட்டிட்டேன். வெளிநாட்டுக்காரங்க சைக்கிள் ஓட்ட வண்டி வராத ரோடு தேடறாங்க. அதுக்குத்தான் வந்தேன்."

ஆண்டியப்பன் அவனைப் பார்த்தார். மீசையில் காய்ந்திருந்த ஜெல்லை, தொடையில் காய்ந்திருந்த சளியை, இறுக்கமான கால்சட்டையை, வயிற்றை, முழங்கை ரத்தத்தை. அடிப்பார் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முகம் சற்றே சுருங்கியது; அழுகிய பழத்தைக் கையில் எடுத்துவிட்டவர் அதை எங்கே போடுவது என்று பார்ப்பதுபோல. கோபம் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அந்த முகத்தைக் காலையிலிருந்து பொன்னுரங்கம் தன் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே, இன்னொரு மனிதனிடம், அது இன்னும் தெளிவாக இருந்தது.

இறங்கி வந்த சிவப்பு பைக்கைக் கை நீட்டி நிறுத்தினார். "போதும்டா. எல்லாத்துக்கும் சொல்லு, வண்டிய வூட்ல வுடச் சொல்லு. இவரு பஸ்ஸுக்கு வந்தவரு இல்லியாம்." பச்சைப் புடவைக்காரி "அப்ப எதுக்கு எழுதினாரு?" என்றாள். பைக் வட்டமடித்து மேலே போனது. அதன் சத்தம் ஒவ்வொரு வளைவாக ஏறி ஏறிக் குறைந்து, சாலை மறுபடியும் காலியாகியது. அப்படி ஒரு அமைதி. இதற்காகத்தான் கடல் தாண்டி வருகிறார்கள்.

"நோட்டு இருக்குதுல்ல?" என்றார் ஆண்டியப்பன். "எழுதிக் குடுங்க."

"என்ன எழுதட்டும்?"

"இப்ப வாயில சொன்னதத்தான். வாயில சொன்னத நான் போய்ச் சொன்னா மறுபடியும் நம்ப மாட்டாங்க. நீங்க எழுதறவருதானே. பேரு, அப்பா பேரு, வெலாசம், எல்லாம் போட்டு எழுதுங்க. அத வச்சித் திரும்பக் கணக்கெடுக்கச் சொல்லிக் கேக்கறோம்."

எழுதினால் ஒப்பந்தக்காரர் வருவார். கேஸ் வரலாம். நிரஞ்சனுக்குத் தெரியும், நிரஞ்சன் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்வான். சகுந்தலாவுக்குத் தெரியும், அவளுக்கு அந்த மெடல்தான் முதலில் ஞாபகம் வரும். எழுதாமல் இருக்க எத்தனை காரணம் இருக்கிறதோ அத்தனையும் வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் நியாயமாக, சனிக்கிழமை கொஞ்சம் குறையும் என்பதுபோல நியாயமாக. நோட்டைத் தடுப்புச் சுவரின்மேல் வைத்தான். கல் ஈரமாக இருந்தது. பூஜ்யங்கள் இருந்த பக்கத்தைப் புரட்டினான், கோடுகள் இருந்த பக்கத்தைப் புரட்டினான். வெற்றுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினான். எழுத்து இங்கேயும் அழகாகவே விழுந்தது. அதுவும் அருவருப்பாக இருந்தது. பெயர், அப்பா பெயர், கதவு எண், தெரு. எந்த வருடம், எந்த மாதம், எந்த மூன்று நாள். முதல் நாள் நான் நேரில் எண்ணினேன். அடுத்த இரண்டு நாளும் அந்த இடத்தில் இல்லாமல், தவறுதலாக, என் மனதுக்குத் தோன்றிய எண்களை நிரப்பிக் கொடுத்தேன். இது உண்மை. கையெழுத்து. தேதி. கிழித்துக் கொடுத்தான்.

ஆண்டியப்பன் சட்டைப்பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, விரலை ஒவ்வொரு வார்த்தையின் அடியிலும் வைத்து, உதடு அசையப் படித்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"தவறுதலான்னு போட்டிருக்கறீங்களே" என்றார்.

"ஆமாங்க."

"தவறுதலாவா நடந்திச்சு?"

பொன்னுரங்கத்தின் கழுத்து ஆட வந்தது. பிடித்துக்கொண்டான். "இல்லீங்க" என்றான்.

"அப்ப அத அடிச்சிருங்க."

தாளைத் திரும்ப வாங்கி, கல்லின்மேல் வைத்து, அந்த வார்த்தையின் குறுக்கே ஒரு கோடு போட்டான். நேரான கோடு. நீட்டினான். அவர் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தார்.

"இன்னும் தெரியுதுங்க."

பேனாவை அழுத்திப் பிடித்து, ஒரு எழுத்தும் தெரியாதவரை, திரும்பத் திரும்ப அடித்தான். மை காகிதத்தின் பின்பக்கம்வரை இறங்கியது.

"பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் ஆண்டியப்பன். "அடிச்சது நீங்கதான்னு தெரியணும்."

போட்டான்.